பானெட்டுக்குள் ஒன்றும் இல்லை

புருசன்காரன் ஸ்பேனரும் கையுமாக நின்று சிரித்தால், வீட்டில் ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று உங்களுக்கும் தெரியும்தானே?

ஜெயகரன் அப்படித்தான் நின்றான். எதிரே அவன் அப்பா காலத்து லாரி, பெட்ரோலில் ஓடுவது, பானெட்டைத் திறந்துகொண்டு. அடுத்த ஞாயிறு கோலாரில் பழைய வண்டிகளுக்குப் போட்டி. பதினொரு மணிக்குள் போய் நின்று, பானெட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். இவன் வண்டிக்குள்ளோ ஒயர்கள் இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி.

“பேட்டரி, பியூஸ் பாக்ஸ், காயில் எல்லாத்தையும் உள்ள ஷிப்ட் பண்ணப்போறேன்.”

“எந்த ஷிப்ட்டுங்க? பகலா, ராத்திரியா?” என்றாள் அவன் பெண்டாட்டி டெய்சி, கீரை ஆய்ந்தபடி.

“தமாஷ் பண்ணாத. எல்லாம் உன் சீட்டுக்கு அடியில வந்துடும். அத்தனைக்கும் ஒரே சுவிட்ச். அமுக்கினா வண்டி மூச்சு வுடாது. திருடன் வந்தான்னா தலையில கைய வச்சிக்கினு ஒக்கார வேண்டியதுதான்!”

“நல்லதாப் போச்சு. போற வழியில பங்காரப்பேட்டையில எங்கம்மா வூட்டாண்ட பத்து நிமிசம் நிறுத்துங்க. தங்கச்சி புள்ள பெத்து மூணு மாசம் ஆவுது. நான் இன்னும் மொகம் பாக்கல.”

“எடுத்தா கோலார்லதான் நிக்கும்!”

ஒரு வாரம் மாடாய் உழைத்தான். விரலில் மூன்று கட்டு, பேச்சில் முப்பது பெருமை. பானெட்டுக்குள் இப்போது என்ஜின் மட்டும்தான், ஒரு ஒயர்கூடத் தெரியாது. குனிந்து தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையை விட்டு ஜம்மென்று கிளம்பின லாரி, பங்காரப்பேட்டையில் மாமியார் வாசலுக்கு நேரே ஒரு விக்கல் விக்கியது. நின்றேவிட்டது.

டெய்சி இறங்கி உள்ளே ஓடினாள். ஜெயகரன் பழக்கதோஷத்தில் பானெட்டைத் தூக்கினான். பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாமல் செய்யத்தானே ஒரு வாரம் பாடுபட்டான்!

மாமியார் வந்து எட்டிப் பார்த்தாள். “அய்யய்யோ மாப்ள, எல்லாத்தையும் கழட்டிக்கினு பூட்டானே! எந்தப் பாவி?”

“நான்தான் அத்தை.”

“அப்பறம் இன்னா தேடுறீங்க?”

“காயில் அத்தை… காயில்…”

“காயில்லன்னா இன்னா, கறி கீது! உள்ள வாங்க.”

அவன் போகவில்லை. சீட்டைத் தூக்கிக் காயிலைக் கழற்றி மாட்டினான். பியூஸை ஊதினான். பேட்டரியைத் துடைத்தான். சுவிட்சை மட்டும் தொடவில்லை. அது திருடனுக்கு வைத்ததாயிற்றே!

மணி ஒன்றானது. கோலாரில் பரிசு கொடுத்துக் கைதட்டியும் முடித்திருப்பார்கள். குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சி முகமெல்லாம் பூத்துப்போய் டெய்சி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். அவள் குதிகாலுக்கு அடியில் ‘டிக்’ என்றது.

“இப்பப் போடுங்க.”

அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். லாரி உறுமியது.

ஜெயகரன் குனிந்து அவள் குதிகாலைப் பார்த்தான். “நீயா?”

“நான் பத்து நிமிசம்தான் கேட்டேன். நீங்கதான் மூணு மணி நேரம் நின்னீங்க.” புடவையைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கம் சாய்ந்தாள். “இன்னாங்க, அடுத்த லீவுல அந்த ஸ்டியரிங்கையும் கொஞ்சம் இந்தப் பக்கம் மாத்திக் குடுத்துடுங்க.”