குசினியில் ஒரு கிடாரம் பியர்

"குழாயை இறுக்கிப் பிடியும். பௌமார்க்ட் சாமான் கடைக்கு ஓடிப்போய் இதைப் பூட்ட ஒரு கிளிப் வாங்கிக்கொண்டு வாறன். மோட்டரை மட்டும் நிப்பாட்டிப்போடாதையும்!"

லோறன்ஸ் காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். ஹனோவர் வீட்டுக் குசினியில், சுடுகுழாயைத் துணியால் பிடித்தபடி அவன் மனைவி தேவமலர் தனியே நின்றாள்.

அது 2006ஆம் ஆண்டின் உலகக்கிண்ண உதைபந்தாட்டக் கோடை. ஊரே பியரில் மிதந்ததைப் பார்த்து, சொந்தமாகப் பியர் வடிக்கும் ஆசை லோறன்ஸுக்கும் வந்துவிட்டது. முளைவிட்ட பார்லியை உடைத்துப் பெரிய கிடாரத்தில் சுடுநீரில் ஊறவைத்தான். அடியில் இறங்கும் சாற்றைத் திரும்பத் திரும்ப மேலே ஊற்றினால் தெளிந்துவருமாம். அதற்காக, பழைய உடுப்புத் தோய்க்கிற மெசினின் பம்பைக் கழற்றிக் கிடாரத்தில் பூட்டியிருந்தான்.

தேவமலரின் பயமெல்லாம் மாமாவை நினைத்துத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மரியரட்ணம், அங்கே பங்குக் கோயில் மதுவிலக்குச் சபையின் தலைவர். அவரும் மாமி புஷ்பாவும் தமிழ்க் கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான் இந்த வேலை.

குழாய் ஒழுகியது. துணியைச் சுற்றிக் கட்டினாள். ஒழுக்கு நின்றது, பம்ப் முக்கத் தொடங்கியது. அடிப்பிடித்துவிட்டதாக்கும் என்று அகப்பையால் நன்றாகத் துழாவினாள். உமி முழுக்கப் பம்புக்குள் போனது. டப்! குழாய் கழன்று சாரைப்பாம்பாய்த் துள்ளியது. சீலிங், திரைச்சீலை, அவள் தலைமயிர் எங்கும் பிசுபிசுவென்று சாறு.

மோட்டரை நிப்பாட்டினாள். குழாயில் மிச்சமாய் ஒழுகிய சாற்றை ஜக்கில் பிடித்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் ஏறிச் சீலிங்கைத் துடைத்தாள்.

"பார்லித் தண்ணியோ பிள்ளை? நல்ல ருசி!"

திரும்பினாள். கடையிலிருந்து வந்துவிட்ட மாமா ஊதி ஊதி இரண்டாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாமா! அது பியர்!"

மாமியின் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டு நிலத்தில் விழுந்தது.

மாமா கோப்பையைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒருபக்கம் சரிந்து சுவரைப் பிடித்தார்.

"தலை சுத்துது, புஷ்பா."

"யேசுவே! மனிசனுக்கு வெறி ஏறிட்டுது!"

"ஓம், வெறிதான். அதாலை சொல்லுறன். உன்ரை தங்கச்சியோட ஒரே காரிலை கெவலார் மாதா கோயில் யாத்திரைக்கு என்னாலை வர ஏலாது. அவ வாய் மூடமாட்டா!"

மாமி சிலுவை அடையாளம் போட்டாள்.

"அந்தச் சபையும் எனக்கு வேண்டாம். ஃபாதருக்கு முகம் முறிக்க ஏலாமல் தலைவராயிருந்தனான். அலுத்துப்போச்சு!"

சொல்லிவிட்டு இடுப்பில் கைவைத்துப் பைலா ஆடத் தொடங்கினார். மாமியையும் கைபிடித்து இழுத்தார்.

"கலியாணத்தண்டே உன்னோட ஆட ஆசை. உன்ரை அப்பா பாத்துக்கொண்டு நிண்டவர்."

மாமியின் முகம் குங்குமமாய்ச் சிவந்தது. தேவமலர் கதிரையை விட்டு இறங்கவும் மறந்து அழுதாள். ஒரு நல்ல மனிசனை இரண்டு கோப்பையில் அழித்துவிட்டாளே!

கிளிப்போடு ஓடிவந்த லோறன்ஸ் வாசலில் விறைத்து நின்றான்.

"உங்கடை பியரை மாமா குடிச்சிட்டார்!" என்று அலறினாள்.

லோறன்ஸ் ஜக்கைப் பார்த்தான். ஆடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தான்.

"எந்தப் பியர்? ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கவே இல்லை. இது வெறும் இனிப்புத் தண்ணி!"