சுகர் கிளைடருக்குச் சீனி ஆகாது

"எத்தினை பிடிச்சீங்கள்?" என்று கதிரையின் மேல் ஏறி நின்றபடி நகுலேஸ்வரி கேட்டாள்.

"எட்டு," என்றார் சண்முகராசா, அடுப்புக்கு அடியில் டோர்ச் அடித்துக்கொண்டே.

"பெட்டியில எத்தினை எண்டு போட்டிருந்தது?"

"ஐம்பது."

மிச்சம் நாற்பத்திரண்டு கிரிக்கெட் பூச்சிகளும் அந்த லண்டன் எட்மண்டன் வீட்டுக் குசினியில் எங்கெங்கோ நின்று கிரீச்சிட்டன. மூடியைக் கொஞ்சமாகத் திறந்து இரண்டை மட்டும் எடுக்கலாம் என்றுதான் சண்முகராசா நினைத்தார். பூச்சிகள் அப்படி நினைக்கவில்லை.

எல்லாம் திருமாறனால் வந்தது. சண்முகராசா வேலை செய்யும் வேர்ஹவுசின் மனேஜர் அவர், மலேசியாக்காரர். ஆறு வருடமாக டெம்பரரியாகவே இருக்கும் சண்முகராசாவை நிரந்தரமாக்குவதும் விடுவதும் அவர் கையில் இருந்தது. அப்படிப்பட்டவர் போன சனிக்கிழமை ஒரு பெரிய கூட்டைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"மூணு வாரம் குடும்பத்தோட மலேசியா போறோம், ராசா. இதுங்கள நீங்கதான் பாத்துக்கணும். ரொம்ப சிம்பிள் லா."

உள்ளே உள்ளங்கை அளவில் இரண்டு சுகர் கிளைடர்கள். உருண்டைக் கண், நீண்ட வால், கைக்கும் காலுக்கும் நடுவே விரிகிற தோல். பறக்கும் அணில் என்று சொல்லலாம். கூடவே நாலு பக்கத்தில் ஒரு சாப்பாட்டு அட்டவணை.

பழமும் மரக்கறியும் பாதி, புரதம் பாதி. மேலே கல்சியம் தூள். புரதத்துக்கான பூச்சி உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பூச்சிக்கும் முதல் நாளே கரட் கொடுத்துச் சத்து ஏற்ற வேண்டும். சீனி மட்டும் கூடவே கூடாது.

"பேர் சுகர், ஆனா சீனி குடுக்கக் கூடாதாம். சாகப்போற பூச்சிக்கு விருந்து வைக்க வேணுமாம்," என்றாள் நகுலேஸ்வரி. "போன மாசம் நான் காய்ச்சலில கிடக்கேக்க எனக்கு இப்பிடி ஒரு அட்டவணை போட்டனீங்களே?"

சண்முகராசா சப்பாத்தை மாட்டினார். செல்லப்பிராணிக் கடைக்குப் போய், பாயாத பூச்சி ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். கடைப் பெண் தவிட்டுக்குள் நெளியும் புழுக்களைக் கொடுத்து, குளிரில் வைத்தால் அசையாமல் கிடக்கும் என்றாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அவற்றை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாமல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் குசினியிலிருந்து அலறல் கேட்டது.

"என்னப்பா?"

"தேங்காய்ப்பூ எண்டு நினைச்சுப் புட்டுக்கு மேல கொட்டிப்போட்டன்!"

சண்முகராசா எட்டிப் பார்த்தார். சூடு பட்டதும் புட்டு மெல்ல அசையத் தொடங்கியிருந்தது.

"விரத நாளில, என்ர புட்டில!" நகுலேஸ்வரி அகப்பையை ஓங்கினாள். "இனி ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு புழு இருக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

மிஞ்சிய புழுக்களை அவர் அன்றே கிளைடர்களுக்கு வைத்தார். அதுவும் பிழையாகப் போனது. புழுவின் ருசி கண்டவை பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பப்பாசியை மசித்து அதற்குள் புழுவை ஒளித்து வைத்தார். புழுவை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு, பப்பாசியைக் கம்பிக்கு வெளியே சுவரில் எறிந்தன. போதாததற்கு இரவெல்லாம் நாய்க்குட்டி மாதிரிக் குரைத்தன. தூக்கமில்லாத கண்ணோடு வேலைக்குப் போன சண்முகராசா, திங்கட்கிழமை லூட்டனுக்குப் போக வேண்டிய சாமானை லீட்ஸுக்கு அனுப்பினார்.

திருமாறனின் மொபைலுக்கு எட்டுத் தடவை அடித்தார். அது அணைந்தே கிடந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் அவருக்கு ஒரு புத்தி வந்தது.

"நகுலா, கிரிக்கெட் இன்னும் வீட்டுக்குள்ளதானே நிக்குது? இதுகளைத் திறந்து விட்டா தாங்களே பிடிச்சுத் தின்னும். எங்களுக்கும் வேலை மிச்சம்."

"உங்களுக்கு விசரே?"

அவள் சொல்லி முடிக்குமுன் அவர் கூட்டைத் திறந்துவிட்டார். கிளைடர்கள் கிரிக்கெட்டைத் தேடவில்லை. திரைச்சீலையில் ஏறின. உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தன. பிறகு ஒன்று கைகாலை விரித்து, ஹோலுக்குக் குறுக்கே மிதந்து வந்து, நகுலேஸ்வரியின் கொண்டையில் இறங்கியது. மற்றது சாமிப் படத்து மாலையில் தொங்கிப் பூவைத் தின்னத் தொடங்கியது.

இரண்டையும் பிடித்து அடைக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தலைமயிர் கலைந்தபடி நகுலேஸ்வரி சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அதுகள் போகவேணும். இல்லாட்டி நான் தங்கச்சி வீட்டை போறன்."

"அந்த மனுசன் மலேசியாவில. நான் என்ன செய்யிறது? வேலை போயிடும், நகுலா!"

"வேலையோட இருங்கோ. அதுவே உங்களுக்குப் பூச்சி பிடிச்சுத் தரட்டும்."

சண்முகராசா ஒரு கடிதம் எழுதினார். கிழித்தார். திரும்ப எழுதினார். 'மதிப்புக்குரிய சேர், உங்கள் பிராணிகள் நலம். நாங்கள் நலமில்லை. தயவுசெய்து வந்திறங்கிய அன்றே கூட்டிப்போகவும். நிரந்தர வேலையைப் பற்றி நான் இனிக் கேட்கமாட்டேன்.' ஆறு வருடம் காத்திருந்ததைக் கடைசி வரியில் விட்டுக்கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் நகுலேஸ்வரியின் சூட்கேஸ் கதவடியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வால்தம்ஸ்டோவில் திருமாறனின் வீட்டு வாசலில் போய் நின்றார். திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. கடிதத்தை உள்ளே தள்ள, கதவிலிருந்த தபால் மூடியை விரலால் தூக்கினார்.

உள்ளிருந்து ஒரு குறட்டை வந்தது.

கள்ளன் யாரும் புகுந்துவிட்டானோ என்று சண்முகராசா பதறி, தபால் மூடியைப் படாரென்று விட்டுவிட்டார். காலடிச் சத்தம் கேட்டது. கதவு நாலு விரல் அளவு திறந்தது. திருமாறனின் மனைவி வான்மதி நைட்டியோடு நின்றாள். முகத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"மிஸிஸ் திருமாறன்! நீங்கள்... சேர்..."

வான்மதி உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ், மெதுவாப் பேசுங்க, ராசா! அதுங்கள வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. யாரு கேட்டாலும் மலேசியாவுல இருக்கேன்னு சொல்லச் சொல்லிட்டு, இந்த ரெண்டு வாரமாத்தான் மனுஷன் தூங்குறாரு!"