ஆறு டயரும் ஆறணும்

"ஒண்ணு குறையுது," என்றார் கணவர், பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு.

"குறையறது டயர்ல இல்ல. உங்களுக்குத்தான்," என்றாள் டீச்சரம்மா. "எந்திரிங்க. மணி ஆறு."

"காத்து அறுபது இருக்கணும். அம்பத்தஞ்சுதான் காட்டுது."

"அஞ்சு குறைஞ்சா குடி முழுகிடுமா?"

"முழுகாது. கவுந்துடும்."

அது சாதாரண வண்டியாக இருந்தால் டீச்சரம்மா ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடித்திருப்பாள். இதுவோ வீட்டு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, மாடிப்படி மாதிரி இரண்டு படி. முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு, ஆக மொத்தம் ஆறு. ஓய்வு பெற்ற பிறகு கணவருக்கு இதுதான் உலகம். அணைக்கட்டில் முப்பது வருடம் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதியவர் அவர். அளவு பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

டீச்சரம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பத்தோரு வருடம் தலைமையாசிரியை. அவள் செருப்புச் சத்தம் கேட்டால் வராந்தாவில் பூனைகூட வரிசையில் நிற்கும்.

அப்படிப்பட்டவள் நேற்று மத்தியானத்திலிருந்து கொதித்துக்கொண்டிருந்தாள். காரணம், அவளுடைய ஒரே தம்பி. வெளிநாட்டில் இருக்கிறவன், ஒரு மாத லீவில் வந்திருந்தான். ஏரிக்கரையில் ஒரு பங்களா எடுத்து, சொந்தபந்தம் பதினேழு பேரைக் கூட்டி வைத்திருந்தான். அங்கிருந்து, கடைக்குப் போயிருந்த தன் மனைவிக்கும் மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டிய குரல் செய்தியைக் கை தவறி அக்காவுக்கே அனுப்பிவிட்டான்.

"நாளைக்கு அக்கா வருதாம். எல்லாரும் படிச்சு ரெடியா இருங்க. அக்கா வந்தா அது பிக்னிக் இல்ல, பரீட்சை ஹால்!"

பின்னால் பத்துப் பேர் சிரிக்கிற சத்தம் வேறு.

"இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறான்," என்றாள் டீச்சரம்மா. "அதுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும். பதினேழு பேரையும் உக்கார வச்சு, அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாதுன்னு!"

சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேச மாட்டேன் என்று சொல்லிப் பதினாலு வருடமாகிறது. அந்த அம்மா வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கணவர் காற்று பார்க்கிற அளவுமானியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "பங்க்ல காத்து அடிச்சுட்டு அப்படியே போயிடலாம்."

பங்க் ஐந்து கிலோமீட்டர். போய் நிறுத்தியதும் கணவர் இறங்கினார். டயர் மேல் உள்ளங்கையை வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"அடடா. சுடுது."

"டயர்னா சுடத்தான் செய்யும். உங்களுக்கென்ன, அதுல தோசையா ஊத்தப் போறீங்க?"

"அப்படியில்லம்மா. ஓடினா டயர் சூடாகும். சூடானா உள்ள இருக்கற காத்து உப்பும். அப்பப் பாத்தா இல்லாததெல்லாம் இருக்கற மாதிரி காட்டும். ஆறினப்புறம் பாத்தாத்தான் உண்மை."

"எவ்வளவு நேரம் ஆறணும்?"

"மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரமா! எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. கணவர் வண்டியோடு வந்த கையேட்டைக் கொண்டுவந்து எண்பத்துநாலாம் பக்கத்தை விரித்து நீட்டினார். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தப்புக் கண்டுபிடித்தே தீருவது என்று படித்தாள். ஒரு எழுத்துப்பிழை அகப்பட்டது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். ஆனால் மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாகத்தான் இருந்தது. புத்தகத்தில் இருப்பதுதான் சரி என்று முப்பத்தோரு வருடம் பிரம்பை ஆட்டிச் சொன்னவள், இப்போது புத்தகத்தோடு எப்படிச் சண்டை போடுவாள்?

"அப்ப ஆற வைக்கறேன்," என்று வாளியை எடுத்தாள். தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சளார் சளார் என்று டயரில் அடித்தாள். மூன்று டயர் நனைந்ததும் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. குடிக்கிற தண்ணீரும் அதுதான்.

கணவர் ஈர டயரையும் காய்ந்த டயரையும் மாறி மாறித் தொட்டார். "இப்ப ஒண்ணு குளிருது, ஒண்ணு சுடுது. ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வராதே. இதுக்குச் சும்மா விட்டிருக்கலாம்."

"சும்மா விடறதா? உங்களைத்தான் சும்மா விட்டுட்டேன், முப்பத்தஞ்சு வருஷமா!"

அவர் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். கோபக்காரிக்கு எதிரே செய்தித்தாள் விரிப்பதைப்போல் உலகத்தில் வேறு குற்றம் உண்டா? டீச்சரம்மா செல்போனை அவர் மடியில் போட்டாள்.

"கேளுங்க! இன்னொரு தடவை கேளுங்க! உங்களுக்கு ரோஷமே வராதா?"

"கேக்கறேன், கேக்கறேன். காதுல சரியா வைக்கணுமில்ல," என்று அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மணி எட்டரை. அதற்கு மேல் டீச்சரம்மாவால் முடியவில்லை. விறுவிறுவென்று ஏறினாள். சாவி வண்டியிலேயே இருந்தது. "நீங்க உங்க டயரைக் கொஞ்சிட்டு வந்து சேருங்க!" என்று கத்திவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். கணவர் நாற்காலியும் செய்தித்தாளுமாகப் பங்கில் நின்றார்.

நெடுஞ்சாலையில் எட்டுக் கிலோமீட்டர் போனபின்தான் உறைத்தது. தம்பி பேசிய பேச்சுக்கு ஒரே சாட்சி அந்தச் செல்போன். அது அவர் மடியில் இருந்தது. சாட்சி இல்லாமல் போய் நின்றால், 'நான் எங்கக்கா சொன்னேன்?' என்று கண்ணை உருட்டுவான். ஐந்து வயதிலிருந்தே உருட்டுகிறவன்தான். பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துவிடுவான்.

வண்டியைத் திருப்பினாள்.

கணவர் அதே இடத்தில் அதே நாற்காலியில் இருந்தார். எழுந்து வந்து டயரைத் தொட்டார். முகத்தைச் சுளித்தார்.

"மறுபடி சூடாயிடுச்சு."

"சொல்லாதீங்க."

"மணி ஒன்பது. பன்னெண்டுக்குத்தான் ஆறும்."

"சொல்லாதீங்கன்னு சொன்னேனில்ல!"

அளவுமானியை அவர் பையிலிருந்து பிடுங்கினாள். குனிந்து, மூச்சிரைக்க, பின் டயரில் வைத்துப் பார்த்தாள். அறுபத்தஞ்சு! "குறையுது குறையுதுன்னீங்க! அஞ்சு கூடவே இருக்கு. ஏறுங்க வண்டியில!"

"அது சூட்டுக்கணக்கும்மா. நம்பக் கூடாது."

"கூட இருந்தாத்தானே பிரச்சனை? எடுத்துடறேன்!" கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். வால்வில் ஒரு குத்து. ஸ்ஸ்ஸ் என்று காற்று சீறிற்று. அவளுக்கே அந்தச் சத்தம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஊசியை எடுத்த பிறகும் சீறல் நிற்கவில்லை. கணவர் பதறி வந்து வால்வைத் தட்டி, திருகி, மூடியைப் போட்டு அடக்குவதற்குள் அளவுமானி முப்பதுக்கு வந்துவிட்டது.

"இப்ப நெஜமாவே குறைஞ்சுபோச்சு," என்றார் கணவர். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"காத்து அடிங்க!"

"மெஷின் பூட்டியிருக்கு. காத்து அடிக்கிறவர் பன்னெண்டு மணி ஷிஃப்டு."

டீச்சரம்மா வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். கதவு ஒட்டாமல் திரும்பித் திறந்துகொண்டது. மறுபடி அறைந்தாள். மூன்றாவது தடவை கணவர் வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திவிட்டார்.

உள்ளே மேசையில் ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டு, ஏரிக்கரையில் பேச வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதினாள். ஒன்பது குற்றச்சாட்டு. முதலாவது, நன்றிகெட்டவன். எழுதி முடித்துப் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தாள். நன்றிகெட்டவனா? போன மாதம் இவளுக்குக் கண் ஆபரேஷன் என்றதும் ராத்திரியெல்லாம் போன் பண்ணியவன். ஆதாரம் போதாது. ஒரு கோடு. இரண்டாவது, பெரியவர்களை மதிக்காதவன். இதற்கு உதாரணம் கேட்டால் என்ன சொல்வது? இன்னொரு கோடு. நாலாவதும் ஏழாவதும் ஒரே குற்றம், வார்த்தைதான் வேறு. பையன்கள் பக்கத்தை நிரப்ப இப்படித்தான் எழுதுவார்கள். இரண்டையும் அடித்தாள்.

கடைசியில் மிஞ்சியது ஒன்று. 'அக்கா வந்தால் பரீட்சை ஹால் என்று பொய் சொன்னான்.'

பேனா நின்றது. பொய்யா?

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஏரிக்கரையில் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைத்தது யார்? சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் பத்து வரி கையெழுத்து எழுதிக் காட்ட வேண்டும் என்றது யார்? தம்பி மனைவிக்கு நாற்பது வயது. அவளும் எழுதினாள். பத்துக்கு ஆறு மார்க். அதைச் சத்தமாகப் படித்தது வேறு.

டீச்சரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபத்தை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பிடி வழுக்கிற்று. 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

கதவைத் திறந்தாள். "ஏங்க."

"என்னம்மா."

"அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு ஏழு மார்க் போட்டிருக்கலாமோ?"

"எட்டே போட்டிருக்கலாம்," என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவன் நாலு மணிக்குப் போயிடுவானே. இன்னும் மூணு வருஷம் கழிச்சுத்தான் வருவான்." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இங்கேருந்து ரெண்டரை மணி நேரமாச்சே!"

"பன்னெண்டரைக்குக் கிளம்பினா மூணு. ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரம் சண்டைக்கே பத்தாது."

"அப்ப சண்டையை விட்டுடு. மத்ததுக்கெல்லாம் பத்தும்."

போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் "அக்கா! எங்க இருக்க? உனக்காகத்தான்..." என்று ஆரம்பிப்பதற்குள், தலைமையாசிரியைக் குரலில் சொன்னாள்:

"டேய், மூணு மணிக்கு வரேன். பதினேழு பேரும் பேனா, பேப்பரோட உக்காந்திருங்க. பரீட்சை இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

"அக்கா... அந்த மெசேஜ்... உனக்கா வந்துச்சு?"

"உனக்கு மட்டும் தனிக் கேள்வி. பதினாறாம் வாய்ப்பாடு. இன்னிக்கு வயித்துவலி செல்லாது."

தம்பி சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்த்து ஏதோ ஒரு சத்தம். "பதினாறு ஒண்ணு பதினாறு... வாக்கா, சீக்கிரம் வா," என்றான்.

பன்னிரண்டு மணிக்குக் காத்து அடிக்கிறவர் வந்தார். கணவர் குடிதண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தார். டீச்சரம்மாதான் பக்கத்தில் நின்றாள். தன் ஊசிக் காரியத்தை எப்படிச் சொல்வது என்ற வெட்கம் வேறு. மனிதர் ஒரு டயரைப் பார்த்தார், தலையாட்டினார். அடுத்ததைப் பார்த்தார், தலையாட்டினார். ஐந்து டயர் ஆயிற்று. ஆறாவதில் முப்பதைக் கண்டதும் திகைத்துப்போய் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது அநியாயமா இருக்கு! நேத்துச் சாயங்காலம்தானே சார் வந்து ஆறு டயருக்கும் அறுபது அறுபதா அடிச்சுட்டுப் போனாரு! 'நாளைக்குக் காலைல பயங்கர சூட்டோட இங்க வந்து நிக்கும்ப்பா, மத்தியானம் வரைக்கும் ஆறவிட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்'னு வேற சொன்னாரு. நான் டயரைத்தான் சொல்றாருன்னு நினைச்சேன்."