எந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கிறீர்கள்?

"நேத்துப் பேசினதா எழுதியிருக்கும்மா," என்றார் பல் டாக்டர், போனில்.

"யார் எழுதியிருக்கா?" என்றாள் மகள்.

"நீ போட்டுக் கொடுத்துட்டுப் போனியே, அந்த சாஃப்ட்வேர்தான். நான் இப்பத்தான் ரேடியோவுல பேசி முடிச்சேன். அது நேத்துத் தேதி போட்டு வச்சிருக்கு."

"உலக நேரமா இருக்கும்ப்பா. ரேடியோக்காரங்க எல்லாரும் பொதுவா ஒரே நேரத்துலதான் எழுதணும்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது எனக்குத் தெரியாதா? நம்ம கடிகாரத்தைப் பார்த்து, மனசுக்குள்ளயே அஞ்சரை மணி கழிச்சு, உலக நேரமாத்தான் அடிச்சேன். அது என்னை நம்பாம தானும் ஒரு தடவை கழிச்சிடுது."

"அப்ப நீங்க கழிக்காதீங்க."

"கழிக்காம எப்படிம்மா இருக்கிறது? நாற்பது வருஷப் பழக்கம்."

மகள் பெருமூச்சு விட்டது அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. "உங்க ரேடியோ ஆளுங்கள்ல யாரையாவது கேளுங்கப்பா. எனக்கு மீட்டிங் இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. அது ஒன்றும் புதிதில்லை. மனைவி போனதிலிருந்து அந்த வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். அதுவும் இஷ்டப்பட்டால்தான் போடும்.

கிளினிக்கை மூடியபோது எல்லாவற்றையும் விற்றவர், நோயாளிகள் படுக்கிற அந்தப் பெரிய நாற்காலியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது அதில் அவர்தான் உட்காருகிறார். எதிரே மேஜையில் ஹாம் ரேடியோ. காலடியில் மூன்று மிதிகட்டைகள். ஒன்றை மிதித்தால் நாற்காலி உயரும், இன்னொன்றை மிதித்தால் பின்பக்கம் சாயும். மூன்றாவதை அவரே கம்பி மாற்றி ரேடியோவோடு இணைத்திருந்தார். அதை மிதித்துக்கொண்டு பேசினால் குரல் உலகத்துக்குப் போகும். அவசரத்தில் கால் மாறிவிட்டால் மனிதர் மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருப்பார்.

யாரோடு எப்போது பேசினோம் என்று ரேடியோக்காரர்கள் குறித்துவைப்பது வழக்கம். டாக்டரின் நோட்டுப் புத்தகங்கள் அலமாரி நிறைந்து தரைக்கு வந்துவிட்டன. போன முறை வந்த மகள் அதில் தடுக்கி விழப் பார்த்தாள்.

"ஒருநாள் இல்லன்னா ஒருநாள் இதுல கால் தடுக்கி விழுந்து கிடப்பீங்க. யாருக்குப்பா தெரியும்?" என்றாள். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுவாரமே கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால், நோட்டில் எழுத டாக்டருக்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ரேடியோவில் பேச்சு என்பது அவ்வளவுதான். "உங்கள் குரல் எனக்கு ஐந்து ஒன்பது" என்பார் ஒருவர். தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம். "உங்களுடையதும் ஐந்து ஒன்பது" என்பார் மற்றவர். "எழுபத்து மூன்று" என்று வாழ்த்திவிட்டு ஆளைக் காணாமல் போய்விடுவார்கள். கிளினிக்கிலும் டாக்டர் அப்படித்தான் காலம் தள்ளினார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கையை வைத்துக்கொண்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டவர். பதிலுக்கு "ஆங்ங்" என்பதைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் ரேடியோவில் பேக்கரிக்காரர் வந்தார். வேறு ஊரில் பேக்கரி நடத்தி ஓய்வு பெற்றவர். முகம் பார்த்ததில்லை. பல வருஷமாகத் தினமும் ஐந்து ஒன்பது சொல்கிறவர்.

"ஐந்து ஒன்பது டாக்டரே. எழுபத்து..."

"சார், ஒரு நிமிஷம். நீங்க பேச்சுக் கணக்கு எழுதறதுக்கு எந்த சாஃப்ட்வேர் வச்சிருக்கீங்க? ஓவர்."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். போய்விட்டார் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்தார்.

"அது பெரிய கதையாச்சே," என்றது பேக்கரிக்காரரின் குரல். "நாளைக்கு உங்களுக்கு நேரம் இருக்கா? ஓவர்."

டாக்டருக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? மறுநாள் அதே நேரத்தில் வந்து விவரமாகச் சொன்னார் பேக்கரிக்காரர். எது இலவசம், எது மெதுவாக ஓடும், எதில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. டாக்டரின் காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. அதைக் குடிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க போட்டிருக்கிறது வெறும் கணக்குப்பிள்ளை," என்று முடித்தார் பேக்கரிக்காரர். "நான் சொல்றதைப் போடுங்க. ஸ்டேஷனையே நிர்வாகம் பண்ணும். ஆன்டெனாவை அதுவே திருப்பும்."

போட்டார். அது ஆன்டெனாவைத் திருப்பியது. திருப்பிக்கொண்டே இருந்தது. மேல் வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார்.

"டாக்டர், என் போர்வை உங்க கம்பியில மாட்டிக்கிட்டு மொட்டைமாடியைச் சுத்தி வருது."

"எந்தப் பக்கமா போகுதும்மா?"

"எந்தப் பக்கமா போனா என்ன? எனக்குப் போர்வை வேணும்."

"இல்லம்மா, கிழக்கே போனா நிறுத்திடும். மேற்கே போனா இன்னும் ஒரு சுத்து இருக்கு."

போர்வை மேற்கே போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மாடிப்படியில் ஏறும்வரை சொன்ன வார்த்தைகளை டாக்டர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலம் பேக்கரிக்காரரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

சொன்னார். பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. இடையில் ஒரு கணக்கு வாத்தியார் புகுந்தார். அவரும் ஓய்வுபெற்றவர், அவரும் முகம் பார்க்காதவர்தான்.

"பேக்கரிக்காரர் சொன்னதா? அது மாவு பிசையத்தான் லாயக்கு. நான் சொல்றதைப் போடுங்க டாக்டர்."

"வாத்தியாரே, நீங்க சொல்றதைப் போட்டா ஆளுக்கு மண்டை காயும்," என்றார் பேக்கரிக்காரர்.

"மண்டை இருக்கிறவங்களுக்குத்தான் காயும். உங்களுக்கு என்ன கவலை?"

டாக்டர் நடுவில் உட்கார்ந்து இருவர் சண்டையையும் அனுபவித்தார். அவருக்காக யாரும் சண்டை போட்டு ரொம்ப நாளாயிற்று.

வாத்தியார் சொன்னதைப் போட்டார். அது பழைய பேச்சையெல்லாம் அடித்து உள்ளே ஏற்றச் சொன்னது. நோட்டு நோட்டாக உட்கார்ந்து ஏற்றினார். முடிந்ததும் அது வட்டம் போட்டு, வண்ணம் அடித்து ஒரு படம் காட்டியது. பாதி உலகத்தோடு பேசியிருக்கிறாராம். அத்தனை வருஷப் பேச்சையும் ஒன்றாகச் சேர்த்தால், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய் வருகிற நேரம்தான் தேறுமாம்.

டாக்டர் அந்தப் படத்தை மூடிவிட்டார். மூடுவதாக நினைத்து வேறெதையோ அமுக்கிவிட்டார். அது அவருடைய கணக்கில் இருந்த அத்தனை பேருக்கும், எங்கிருந்தோ முகவரி தேடிப்பிடித்து, "நலமா? மீண்டும் பேச ஆவல்" என்று மெயில் அனுப்பிவிட்டது.

பதில்கள் வந்தன. பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்து. ஒரு மகன் எழுதியிருந்தார்: "அப்பா காலமாகிவிட்டார். நீங்கள் எங்களுக்கு முன்னால் அவரைப் பார்க்க நேர்ந்தால், நாங்கள் எல்லோரும் சுகம் என்று சொல்லிவிடுங்கள்."

"இதுக்கு என்னன்னு சார் பதில் எழுதறது? ஓவர்," என்று அன்று பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

"எழுத வேணாம். நாள் வரும்போது நேர்லயே சொல்லிக்கலாம்," என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் 'எழுபத்து மூன்று' சொல்லி விடைபெற இருவருக்குமே மனசில்லை. அப்படி ஒரு மௌனத்தை டாக்டர் ரேடியோவில் கேட்டதே இல்லை.

இப்படியாக நாளுக்கொரு கோளாறு, கோளாறுக்கொரு யோசனை. டாக்டர் ரேடியோ முன்னால் உட்காரும்முன் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தார். கேட்க வேண்டியதையெல்லாம் குளிக்கும்போதே யோசித்து வைத்தார்.

இந்த நேரத்தில்தான் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். துணி துவைக்கும் மெஷினைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். துணி துவைத்து முடிவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள். தேதி சரி. நேரம் சரி. ஆன்டெனா சொன்ன இடத்தில் நின்றது.

"அவ்வளவுதாம்ப்பா. இனிமே நீங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்."

டாக்டர், நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

அவள் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்தார். "டாக்டரே, இன்னைக்கு என்ன கோளாறு? ஓவர்."

டாக்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. 'வலிக்காது' என்பதைத் தவிர வேறு பொய் சொன்னவரில்லை. "எல்லாம் சரியாயிடுச்சு சார். பொண்ணு வந்து போட்டுக் கொடுத்துட்டா. ஓவர்."

"அப்படியா?" இரைச்சல். "நல்லது. ரொம்ப நல்லது. உங்க குரல் ஐந்து ஒன்பது. எழுபத்து மூன்று."

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் அந்தப் பேச்சைச் சரியான தேதி, சரியான நேரம் போட்டு அழகாகக் குறித்துக்கொண்டது. டாக்டர் நாற்காலியைச் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த முறை வேண்டுமென்றே.

மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு வந்து சாஃப்ட்வேரைத் தேடிப்பிடித்து அழித்தார். "நிச்சயமாகவா?" என்று அது கேட்டது. "நிச்சயமாத்தான்," என்று வாய்விட்டே சொன்னார். அன்று வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"போச்சு சார், எல்லாம் போச்சு. ஓவர்," என்றார் சாயங்காலம்.

"போச்சா?" பேக்கரிக்காரர் குரலில் துக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "அடடா. அடடா. இருங்க, சௌகரியமா உட்கார்ந்துக்கறேன். முதல்லேர்ந்து சொல்லுங்க."

மறுபடி மகளிடமிருந்து போன். "போட்டுக் கொடுத்தது ஓடுதாப்பா?"

"ஓடிப்போச்சும்மா."

"ஓடிப்போச்சா? தானா எப்படிப்பா போகும்?"

"வயசானா பல்லு தானா விழறதில்லையா? அந்த மாதிரிதான்."

அடுத்த லீவுக்கே மகள் வந்து நின்றாள். வரும்போதே முடிவோடு வந்திருந்தாள். "அந்த பேக்கரிக்காரர் இத்தனை யோசனை சொல்றாரே, அவர் வீட்டுல அது ஒழுங்கா ஓடுது இல்ல? அவர் கம்ப்யூட்டர்ல இருக்கிற செட்டிங்கை அப்படியே அனுப்பச் சொல்லுங்க. அதே மாதிரி இங்க போட்டுட்டா ஜென்மத்துக்கும் கோளாறே வராது."

ஜென்மத்துக்கும் என்றதும் டாக்டர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்மா."

"நீங்க கேக்கலன்னா நான் கேக்கறேன்."

"உனக்கு லைசென்ஸ் இல்ல."

"அப்ப நீங்க கேளுங்க."

சாயங்காலம் மகள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் முதலில் தப்பு மிதிகட்டையை மிதித்து மல்லாந்தார். அவள் அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"சார், என் பொண்ணு கேக்கறா. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற செட்டிங்கை அனுப்ப முடியுமான்னு. ஓவர்."

ஸ்பீக்கரில் நீளமாக இரைச்சல்.

"அது வந்து டாக்டரே, கம்ப்யூட்டர் மாடியில இருக்கு. எனக்கு முழங்கால் வலி. ஓவர்."

"நாளைக்கு அனுப்பினாலும் போதும்னு சொல்லுங்க," என்றாள் மகள். டாக்டர் அப்படியே சொன்னார்.

"நாளைக்கும் வலிக்கும்," என்றார் பேக்கரிக்காரர்.

"யாராவது ஏறிப் போய் எடுத்துக் கொடுக்கட்டுமே. பத்து நிமிஷ வேலைப்பா," என்றாள் மகள் விடாமல்.

டாக்டருக்குக் கெஞ்சத் தோன்றியது. யாரிடம், எதற்கு என்றுதான் தெரியவில்லை. அந்த செட்டிங் வந்துவிட்டால் ஐந்து ஒன்பது, எழுபத்து மூன்று, அப்புறம் குளிர்சாதனப் பெட்டி. மகள் சொன்னதையே சொன்னார்.

ஸ்பீக்கரில் ஏதோ உரசுகிற சத்தம். ஒரு கதவு சாத்தப்பட்ட சத்தம். பிறகு ஒரு பெண் குரல், மைக்குக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில்.

"டாக்டருங்களா? நான் பேக்கரிக்காரர் சம்சாரம். எனக்கு இதுல பேச லைசென்ஸ் கிடையாது, அதனால சீக்கிரமா சொல்லிடறேன். மனுஷன் வாசல்ல போய் நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டிருக்கார். எங்க வீட்டுல மாடியும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. நீங்க அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதுலேர்ந்து தினமும் காலையில லைப்ரரி திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னு படிச்சுட்டு வர்றார், சாயங்காலம் உங்ககிட்ட சொல்றதுக்கு ஏதாவது வேணுமேன்னு."