மயில்கழுத்து நிறத்தில் ஒரு நெஞ்சுவலி

முழுசாகப் படித்த டாக்டர்களால் உலகத்துக்கு வந்த ஆபத்து குறைவு. ஆறு வாரம் மட்டும் மருத்துவம் படித்தவர்களால் வந்ததுதான் அதிகம். நான் ஆறு வாரம் படித்தவன்.

அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. வேலை முடிந்து காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்துவிடுவேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மருத்துவப் பாடங்களை இணையத்தில் இலவசமாக விட்டிருந்தது. (அட்டெண்டன்ஸ் கிடையாது, பிணம் அறுக்க வேண்டாம். வேறென்ன வேண்டும்?) முதல் வாரத்தில் அம்மாவுக்குத் தைராய்டு கண்டுபிடித்தேன். மூன்றாவது வாரத்தில் எனக்கே இரண்டு புற்றுநோய். ஆறாவது வாரம் இதயம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்க்கப் போனோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. பெண்ணின் அப்பாவுக்குப் பட்டுத் தொழில் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பாவே கேசரித் தட்டை நீட்டினார். நான் கேசரியைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தேன். பத்தும் நீலம்! உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் நகம் நீலம் பாரிக்கும் என்று முந்தாநாள்தான் படித்திருந்தேன்.

"மாமா, படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குதுபா. ஏன்?"

"நெஞ்சு கனமா இருக்குதா?"

பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போகிற எந்த அப்பாவுக்கு நெஞ்சு லேசாக இருக்கும்? "இருக்கிற மாதிரிதான் இருக்குது" என்றார்.

நான் எழுந்து நின்று, "சயனோசிஸ்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள்.

"மாப்பிள்ள டாக்டராமே!" என்றது ஒரு குரல். நான் மறுக்கவில்லை. (மறுத்திருக்கலாம்.)

ஆட்டோவில் அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். "பேசாதீங்க மாமா, ஆக்சிஜன் வீணாப்பூடும்" என்று அடக்கினேன். பெண், பட்டுப்புடவையோடு பக்கத்தில் அழுதுகொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "எல்லாம் நார்மலா இருக்குது. யாரு சயனோசிஸ்னு சொன்னது?" என்றார்.

பெருமையாகக் கை தூக்கினேன். "நகம் நீலமா இருக்குது டாக்டர்."

பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"அது மயில்கழுத்துக் கலருங்க. எங்கப்பா பட்டுக்கு சாயம் போடறவரு. காலைல கூட வேல பாத்துக்கினு இருந்தாரு."

டாக்டரம்மா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நகத்தைத் துடைத்தார். பஞ்சு நீலமானது. எனக்குக் கண் இருட்டியது.

விழித்தபோது பெண்ணின் அப்பா காலி செய்த கட்டிலில் நான் படுத்திருந்தேன். அவர் ஈ.சி.ஜி. காகிதத்தால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். "ஒண்ணியும் இல்லபா. மூச்ச நல்லா இழுத்து வுடு" என்றார்.

சம்பந்தம் போயிற்று என்று என் அப்பா வழியெல்லாம் திட்டினார். மூன்றாம் நாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. பிறகு ஒருநாள் அவளிடமே காரணம் கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னதும் கேசரிய வுட்டுட்டு ஓடினீங்களே, அதுக்குதான். அறிவுக்குன்னு நெனச்சிக்காதீங்க."

அந்தக் குடும்பத்தில் இன்றுவரை நான் 'டாக்டர் மாப்பிள்ளை'. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் வயதான உறவினர் ஒருவர் மயங்கி விழுந்தார். என் மைத்துனன் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"மண்டபத்துல டாக்டருங்க யாராச்சும் இருந்தா ஒடனே மேடைக்கு வாங்க!"

பந்தியில் இருந்த நான் தலையை மட்டும்தான் நிமிர்த்தினேன். அதே மைக்கில் அடுத்த அறிவிப்பும் வந்தது.

"மாமா, நீங்க சாப்புடுங்க."