பதினேழாம் நம்பருக்குப் படபடப்பு

பணிமனை அலுவலகச் சுவரில் இருந்த திரையில் எல்லாருடைய கோடும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, பதினேழாம் நம்பர் பேருந்தின் ஓட்டுநருடையதைத் தவிர. அது பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது.

"என்ன டிரைவர், முதல் நாளே இப்படி?" என்றார் மேலாளர்.

ஓட்டுநர்களுக்கு வேலையில் எவ்வளவு மன அழுத்தம் என்று அளக்க நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. காலையில் ஓர் இளம்பெண் வந்து ஆளுக்கொரு கறுப்புப் பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனாள். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. முன்மாதிரியாக இருக்கட்டும் என்று மேலாளரும் ஒன்று கட்டிக்கொண்டார். வாரக் கடைசியிலும் சிவப்பிலேயே இருப்பவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி உதிரிபாகக் கிடங்குக்குப் போக வேண்டும்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மெஷின் பொய் சொல்லாது. என் கோட்டப் பாருங்க, எவ்வளவு பச்சை."

விஷயத்தைக் கேட்டு மனைவிக்கு நம்பவே முடியவில்லை. அவளே ஒரு காலத்தில் பதினேழாம் நம்பரில் முன் சீட்டுப் பயணி. எவன் குறுக்கே வந்தாலும் ஒரு வார்த்தை திட்டாத அந்த முதுகைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

"எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே அடக்கி வச்சிருக்கீங்க" என்று கண்டுபிடித்தாள். "நாளைக்கு அவசரமே படாதீங்க. ஓடி வர்றவங்கள நின்னு ஏத்திக்கோங்க. ஹாரன்ல கையே வைக்காதீங்க."

அப்படியே செய்தான். தெருமுனையில் தலை தெரிந்தவர்களுக்கெல்லாம் நின்றான். பேருந்து ஊர்வலம் போல நகர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வண்டியின் பின்னால் எழுதியிருந்த புகார் எண்ணுக்குப் போன் போட்டார்கள்.

சாயங்காலம் கோடு இன்னும் சிவந்திருந்தது. காதுக்கொரு போனை வைத்துக்கொண்டிருந்த மேலாளர், பேச முடியாமல் திரையை மோவாயால் காட்டினார்.

"பாட்டுப் போடுங்க" என்றாள் மனைவி. "புல்லாங்குழல் மட்டும். மனசு லேசாயிடும்."

மனசு லேசானதோ என்னவோ, மறுநாள் பாதி பேருந்து தூங்கிவிட்டது. குரல் கொடுத்து எழுப்ப வேண்டிய கண்டக்டர் முதல் ஆளாகத் தூங்கினார். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட அத்தனை பேரும் பணிமனையில்தான் கண் விழித்தார்கள். விழித்த கையோடு நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

"லீவு போட்டுடுங்க" என்றாள் மனைவி. "நாள் பூரா தூங்குங்க. தூங்கற மனுஷனுக்கு எங்கேருந்து வரும் படபடப்பு?"

மேலாளர் போனில் அலறாத குறை. "மாத்து ஆளே கிடையாது டிரைவர். உங்க வண்டிய யார் எடுக்கறது? நான் ஸ்டியரிங் பிடிச்சே பல வருஷம்..."

மனைவி போனைப் பிடுங்கினாள். "சார், அவரால எழுந்திருக்கவே முடியல" என்று சொல்லித் துண்டித்தாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். வாசல் மணியைப் பஞ்சு வைத்து அடைத்தாள். அவன் குறட்டை விட்டு உறங்கினான்.

சாயங்காலம் கண்டக்டர் கூப்பிட்டார். "அண்ணே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க? உங்க கோடு திரையை விட்டே வெளியே போயிடுச்சே."

பக்கத்தில் நின்ற மனைவிக்கு அது நன்றாகக் கேட்டது.

"தூங்கத்தானே செஞ்சீங்க?"

"ஆமா."

"கனவுல யார் வந்தா?"

"யாரும் வரலம்மா."

"யாரும் வராமலா கோடு வெளியே போகும்? முன் சீட்டுல இப்ப யார் உக்கார்றா?"

"ஒரு ரிட்டயர்டு வாத்தியார்."

"அவரா வந்தாரு கனவுல?"

அவன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"விடுங்க" என்று பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "கிடங்குலயும் சக்கரம் எல்லாம் இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா அது ஓடாதும்மா."

மறுநாள் வாரக் கடைசி. காலையில் அவனோடு அவளும் பணிமனைக்குப் போனாள். தான் சொன்ன யோசனைகளுக்குத் தானே பொறுப்பு என்று மேலாளரிடம் வாதாடுவதாகத் திட்டம். மேலாளர் கழுத்துச் சுளுக்குக்கு மருத்துவக் காலர் மாட்டியிருந்தார். கிடங்குச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னோடதுதான்" என்று ஆரம்பித்தாள். "வேணும்னா அவரோட நானும் வண்டியில வர்றேன். இன்னும் ஒரு வாரம் பாருங்க."

"அதெல்லாம் சரிப்படாதும்மா. நேத்து இவர் வண்டிய நாள் பூரா ஓட்டினது நான்தான். ரெண்டு தடவை ரூட் மாறிட்டேன். ஒரு கம்பத்துல லேசா உரசிட்டேன். பயணிங்க என்னைக் கேக்காத கேள்வி இல்ல. அப்பவும் என் கோட்டப் பாருங்க, தொட்டில்ல தூங்கற பாப்பா மாதிரி. அதுதான் அனுபவம். இவர் வீட்டுல படுத்துக்கிட்டே அந்த ஆட்டம் ஆடியிருக்காரு. இந்த மனுஷனை நம்பி ஒரு பேருந்து ஜனத்தை எப்படிம்மா அனுப்பறது?"

அவன் மெல்லக் கையை நீட்டினான்.

"முதல்ல பட்டையைக் கழட்டிக் குடுங்க. அப்புறம் சாவிய வாங்கிக்குங்க" என்ற மேலாளர், தன் பட்டையையும் அவிழ்த்துத் திரைக்குப் பக்கத்தில் நின்ற, பட்டை கட்டிவிட்ட அந்த இளம்பெண்ணிடம் நீட்டினார்.

அவள் இரண்டு பட்டைகளின் உட்புறத்தையும் திருப்பிப் பார்த்தாள். கையிலிருந்த கருவியில் பார்த்தாள். மறுபடியும் பட்டைகளைப் பார்த்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"சாரி சார், சாவிய நீங்களே வச்சுக்கணும்போல இருக்கு... முதல் நாளே உங்க பட்டைய அவருக்கும் அவர் பட்டைய உங்களுக்கும் மாத்திக் கட்டிட்டேன், அந்தச் சிவப்பு பூரா உங்களோடது."