பாலாணத்துக்கு ஒரு திருத்தம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை, காலை 10.15

அன்பு மகள் ரிஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் சுகம். வலது முழங்கால் பற்றிய விபரம் கீழே வருகிறது. மருமகன் அகீலும் பேத்தி அப்ராவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன், உறுதிப்படுத்தி எழுதவும்.

இன்று காலை 6.50 மணி நிலவரப்படி என் நிறை எண்பத்து மூன்று கிலோ நானூறு கிராம். இதை உறுதிப்படுத்தியவர் அரிசிக் கடை இக்ராம். நம் வீட்டுத் தராசை நான் ஏற்றுக்கொள்வதில்லை, அது ஆளைப் பார்த்துப் பேசுகிறது. இக்ராமின் தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறது. ஆனாலும் ஏறுவதற்கு முன் இருபத்தைந்து கிலோ கீரிச் சம்பா மூட்டை ஒன்றை வைத்துச் சரிபார்த்தேன். "மூட்டை சரி நானா. நீங்கதான் கூட," என்றான் இக்ராம்.

எண்பது நாட்களுக்கு முன் நீ லீவில் வந்து நின்றபோது என் போனில் அந்தக் கலோரி எண்ணும் ஆப்பைப் போட்டுத் தந்தாய். அன்று நான் எண்பத்திரண்டு அறுநூறு. எழுபத்தெட்டுக்கு இறங்கினால்தான் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பெயர் எழுதுவேன் என்று டாக்டர் சொன்னதும், விமான நிலையத்தில் வைத்து "வாப்பா, அந்த ஆப் பிரீமியத்துக்கு நான் காசு கட்டுறன்" என்று நீ சொன்னதும், "முதல்ல பாவிச்சுப் பாக்கிறன்" என்று நான் மறுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பது நாளும் சாப்பிட்ட ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பதிந்தேன். அந்தப் பதிவின்படி நான் இன்று எழுபத்தொன்பது தொள்ளாயிரம். தராசின்படி எண்பத்து மூன்று நானூறு. ஒரே ஆளைப் பற்றி இரண்டு செய்தி, நடுவில் மூன்றரைக் கிலோ. முப்பத்தெட்டு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன் இதை இப்படியே விட ஏலாது.

விசாரணைக்குப் போக முன் ஒரு பின்னணி சொல்ல வேண்டும், அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைக்கவில்லை. அந்த ஆப்பில் அவகாடோவை வைத்து மட்டும் பதினான்கு வகைச் சாப்பாடு இருந்தது, பிட்டு இல்லை. இடியப்பம் ஒன்று இருந்தது, அதை யாரோ தட்டு நிறையவா தனியாகவா என்று சொல்லாமல் "ஒன்று" என்று போட்டிருந்தார்கள். இப்படி ஒரு செய்தியை நான் கொடுத்திருந்தால் என் ஆசிரியர் காகிதத்தை என் மடியிலேயே திருப்பிப் போட்டிருப்பார். ஆகவே நானே எழுதத் தொடங்கினேன், ஒருவர் பதிவதை அந்த ஆப்பில் எல்லாரும் எடுத்துப் பாவிக்கலாம். பிட்டு, ஒரு குழல், இத்தனை கிராம். பாரை மீன் பொரியல், தலைத் துண்டு வேறு, நடுத் துண்டு வேறு. முருங்கைக் கீரைச் சுண்டல். எருமைத் தயிருக்காகத் தோப்பூருக்கே பஸ் ஏறிப் போய், சட்டியோடு நிறுத்து, பிறகு வெறும் சட்டியை நிறுத்துக் கழித்து, விற்றவரிடம் பாலில் தண்ணீர் கலப்பதுண்டா என்று கேட்டு, அவர் கோபப்பட்டதையும் குறித்துக்கொண்டு வந்தேன். மொத்தம் அறுபத்து நான்கு பதிவுகள். என்னோடு காலையில் துறைமுகப் பக்கம் நடக்கிற ஆட்களெல்லாம் இப்போது என் பதிவைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தங்கரத்தினத்தை உனக்குத் தெரியும், எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத மனிதர். அவரே "றஹ்மான் போட்டிருந்தா அது சரியாத்தான் இருக்கும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். புல்மோட்டையிலிருந்தும் ஆட்கள் பாவிக்கிறார்கள். பாலாணம் என்ற ஒரு தேங்காய்ப்பால் கறிப் பதிவை மட்டும் சென்ற வெள்ளிவரை 1,146 பேர் எடுத்திருக்கிறார்கள். என் எந்தச் செய்தியையும் இத்தனை பேர் வாசித்ததற்கு அத்தாட்சி கிடையாது.

பிரச்சினையும் அந்தப் பாலாணத்தில்தான்.

இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாத எதையும் நான் எழுதியதில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என் பெயரில் இரண்டே இரண்டு திருத்தங்கள்தான் வெளிவந்தன. ஒன்று, கரையொதுங்கிய திமிங்கிலம் பதின்மூன்று அடி, அச்சில் முப்பத்தொன்று என்று வந்தது. மற்றது, கலியாணச் செய்தி ஒன்றில் மணமகனின் பெயரும் மணமகளுடைய தகப்பனின் பெயரும் இடம் மாறியது. இரண்டும் அச்சுக் கோத்தவரின் பிழை. இந்த அறுபத்து நான்கிலும் அறுபத்து மூன்றுக்கு இரண்டு பேரைக் கேட்டேன். பாலாணத்துக்கு மட்டும் ஒரே ஒரு நம்பத்தகுந்த வட்டாரம். அந்த வட்டாரம் குசினிக்குள் இருந்ததால் இரண்டாவது ஆளைத் தேடவில்லை. ஒரு சட்டிக்கு அரைத் தேங்காய்ப் பால் என்று உன் உம்மா சொன்னா. பத்து அகப்பை வரும். ஒரு அகப்பை முப்பத்தெட்டு கலோரி என்று போட்டேன்.

சென்ற புதன்கிழமை தொடக்கம் குசினிக்குப் பின்னால் உம்மா குவித்து வைக்கிற சிரட்டைகளை எண்ணினேன். தேங்காய்ச் சம்பல் இல்லாத நாட்களையே தெரிவு செய்தேன், அதில் வட்டாரம் தப்ப இடமிருக்கக்கூடாது என்று. நாலு நாளில் பதினாறு சிரட்டை கூடியது. அதாவது ஒரு நாளைக்கு இரண்டு முழுத் தேங்காய். அரை இல்லை, இரண்டு. நாலு மடங்கு. அப்படியென்றால் ஒரு அகப்பை நூற்றைம்பத்திரண்டு. நான் எடுப்பது நாளைக்கு மூன்று அகப்பை. எண்பது நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்றரைக் கிலோ, சரியாக வந்து நின்றது. மகள், கணக்குப் பொருந்திய அந்த நிமிசம் எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது, பிறகுதான் யாருடைய பிழை என்று விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை உம்மாவிடம் நேரே கேட்டேன்.

"நஜ்மு, பாலாணத்துக்கு எத்தின தேங்காய்?"

"அண்டைக்கே சொல்லிட்டனே."

"திரும்ப ஒருக்காச் சொல்லும்."

"அரை. ஏன், பேப்பர் ஆபிஸ்ல இருந்து அனுப்பினதா?"

"அப்ப அந்தச் சிரட்டையெல்லாம்?"

"இதுக்கா பென்சன் எடுத்தீங்க, சிரட்டை எண்ணுறதுக்கு?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. அன்றைய பேட்டி அத்தோடு முடிந்தது.

நேற்றுக் காலை தங்கரத்தினம் முற்றத்துக்கு வந்து நின்றார். "ஐசே றஹ்மான், நீர் பாலாணம் எண்டு போட்டது எங்கட சொதிதானே. முப்பத்தெட்டுத்தானே எண்டு நான் இப்ப பாணை விட்டிட்டு அதைத்தான் கோப்பையில ஊத்திக் குடிக்கிறன், நாளைக்கு ஆறு அகப்பை. பெல்ட்டில புது ஓட்டையும் போட்டனான்."

"மெலிஞ்சிட்டீரா?"

"இல்லை ஐசே, ஓட்டை மற்றப் பக்கத்தில," என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். "ஆனா உம்மட கணக்குப் பிழைக்காது. என்ட உடம்பிலதான் ஏதோ பிழை. இரத்தம் சோதிக்கப் போறன்."

அந்த நேரமே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, சீனி வேண்டாம் என்றவருக்கு வேண்டாம் என்றபடியே கொடுத்து அனுப்பினேன், அவர் போன பிறகு கதிரையில் இருந்து ஆப்பைத் திறந்து பிழையைத் திருத்தப் பார்த்தால், முப்பது நாள் கடந்த பதிவைத் திருத்துவதற்குப் பிரீமியம் வேண்டுமாம். பிரீமியம் உள்ளவர் எவருடைய பதிவையும் திருத்தலாம், இல்லாதவர் தன்னுடையதைக்கூடத் தொட ஏலாது. வெள்ளிக்கிழமை பகல் வரை அரை விலை என்று ஒரு மஞ்சள் பட்டை வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஆப்பை மூடினேன். வெட்கத்தில் அதன் பிறகு திறக்கவில்லை.

இப்போது தீர்மானிக்க வேண்டியது இதுதான். ஒரு பத்திரிகை பிழை விட்டால் திருத்தத்தைத் தன் செலவிலேயே போடும். எழுதியவனிடம் காசு கேட்காது. என் சொந்தப் பிழையைச் சொல்வதற்கு நான் காசு கட்டுவதா என்று மனம் முறுகுகிறது. கட்டாவிட்டால், 1,146 பேர் என் பெயரை நம்பிப் பால் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் இரத்தம் சோதிக்கப் போகிறார். கட்டினாலும் இல்லாவிட்டாலும் அறுபத்து நான்கில் ஒன்று பிழை என்பது மாறாது. ஆனாலும் பிழையைத் தானே சொன்னவன் என்ற பெயராவது மிஞ்ச வேண்டும். கட்டுகிற பக்கமே மனம் சாய்கிறது. நாளைக்கு ஒரு நாள் யோசிப்பேன், வியாழன் இக்ராமின் தராசில் இன்னொரு தடவை ஏறுவேன், வெள்ளி ஜும்ஆவுக்குப் போக முன் முடிவு.

நீ கட்டக்கூடாது. செய்தியில் வருகிற ஆளிடம் ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்காதவன் நான், பிள்ளையின் காசில் திருத்தம் போடமாட்டேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் இரண்டு. கடிதம் மெல்பேணுக்கு வந்து சேர இரண்டு கிழமை ஆகும், அதற்குள் முடிவு எடுக்கப்பட்டிருக்கும், நீ குறுக்கிட ஏலாது. மற்றது, வாட்ஸ்அப்பை உம்மா பார்ப்பா. விசாரணை முடியும்வரை வட்டாரத்துக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் அளவான பசியையும் அல்லாஹ் தருவானாக. அகீலுக்கு என் ஸலாம். அப்ராவுக்கு முத்தம், அதில் கலோரி இல்லை, இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்தது.

இப்படிக்கு,
உன் வாப்பா
கலீலுர் றஹ்மான்

பி.கு. (பகல் 11.50): உறையை ஒட்டுவதற்கு முன் அந்த 1,146 இன்னும் சரிதானா என்று பார்ப்பதற்காக ஆப்பைத் திறந்தேன். இப்போது 1,209. பாலாணம், ஒரு அகப்பை, 152 கலோரி என்று இருக்கிறது. கீழே இப்படி: "இப்பதிவில் ஒரு சட்டிக்கு அரைத் தேங்காய் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. சரியான அளவு இரண்டு தேங்காய். பிழை தகவல் கொடுத்தவருடையது, எழுதியவருடையது அல்ல. வருந்துகிறோம்." திருத்தியவர்: நஜ்முன் நிஸா, பிரீமியம் பாவனையாளர், திருகோணமலை. நேற்றுப் பகல் 12.20.

குசினிக்குப் போய்க் கேட்டேன். "ரிஸ்லா போற அண்டைக்கே என்ட போன்ல கட்டித் தந்துட்டுத்தான் போனவள்," என்றா. "தங்கரத்தினத்தார் முற்றத்தில நிண்டு வயித்தத் தடவினாரே, அப்ப மனசு கேக்கல்ல." அப்படியானால் என்னிடம் ஏன் அரை என்று சொன்னீர் என்று கேட்டேன். "நாப்பத்தொரு வருசமா என்ட ஆணத்தச் சாப்பிட்ட மனுசன் டெலிபோனப் பாத்து அகப்பைய வெச்சா எனக்கு எப்படி இருக்கும்? உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு. அதில போட்டது ஊருக்கு."

ஆகவே மேலே எழுதியதில் விசாரணை, மஞ்சள் பட்டை, வெள்ளிக்கிழமை முடிவு, உன் காசு வேண்டாம் என்றது எல்லாவற்றையும் விட்டு வாசிக்கவும். என் பெயரில் வந்த திருத்தங்கள் மூன்று என்று மாற்றிக்கொள்ளவும். ஆனால் மகள், அந்தத் திருத்தத்தை நான் நாலு தரம் வாசித்தேன். பிழை எது, சரி எது, யார் பொறுப்பு, வருத்தம், எல்லாம் நாலு வரியில். ஒரு சொல் கூடுதலாக இல்லை. என்னோடு வேலை செய்த எவரும் இவ்வளவு சுத்தமாகத் திருத்தம் எழுதியதில்லை. அதை எழுதியவ என் பெண்சாதி என்று தங்கரத்தினத்திடம் இன்று பின்னேரம் நானே போய்ச் சொல்லப் போகிறேன்.

இன்று அடுப்பில் ஏறியிருக்கும் பாலாணத்துக்கு எத்தனை தேங்காய் என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டு முடிந்த பிறகு சொல்வதாக வட்டாரம் தெரிவித்துள்ளது. ஒன்றரை மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது.